வருஷத்துக்கு வருஷம் கூடும் நீலம்

காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்பார்கள். எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்பார்கள். இந்த அம்மா அதைக் கேட்கவில்லை.

"அவளைக் கூட்டிட்டு வரவேண்டாம்," என்றார். "எங்க இருக்கான்னுகூட எனக்குச் சொல்ல வேண்டாம். என்னோட புது விலாசத்தை மட்டும் அவகிட்ட சேத்துடுங்க. அது போதும்."

அண்ணி தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி, மூக்கில் இருந்த கண்ணாடியை மேலே ஏற்றினார். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று. கிட்டத்துக் கண்ணாடி இறங்கிவிட்டால் கேஸை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

துப்பறிகிறவர் என் அண்ணி. இருபது வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். அவரைக் கல்யாணம் செய்துகொண்ட நாளோடு என் அண்ணன் பொய் சொல்வதையே விட்டுவிட்டான். நான் கொழுந்தன். வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, பேசக்கூடாத இடத்தில் பேசுவது ஆகிய மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதில் மட்டும் இதுவரை ஒரு குறை வைத்ததில்லை.

அந்த அம்மாவின் வீடு முழுக்க அட்டைப் பெட்டிகளாக இருந்தது. பழைய கட்டடம், இடிக்கப்போகிறார்கள், சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். ஊரின் மறுகோடியில் தங்கை வீட்டு மாடியறைக்குப் போகிறார். எல்லாம் கட்டியாகிவிட்டது. மேஜை மேல் மாத்திரை டப்பாவும் நான்கு வாழ்த்து அட்டைகளும் மட்டும் மிச்சம்.

"மக போய் நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. வருஷம் தவறாம என் பிறந்த நாளுக்கு ஒண்ணு வரும். எல்லாம் கையால செஞ்சது. அனுப்பறவ விலாசம் இருக்காது. இந்த வருஷத்தது ரெண்டு மாசத்துக்கு முன்னால வந்துது. அடுத்தது வர இன்னும் பத்து மாசம் இருக்கு. அப்ப இங்க வீடே இருக்காது."

"தபால் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா புது வீட்டுக்குத் திருப்பி விடுவாங்களேம்மா," என்றேன்.

"மூணு மாசத்துக்குத்தான் திருப்புவாங்க. அப்புறம் விலாசதாரர் இல்லைன்னு எழுதி கிடங்குல போட்டுடுவாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "முப்பத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டர்ல இருந்தவ நான்."

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

அட்டைகள் நான்கும் ஒரே மாதிரி. வெள்ளைத் தாளை மடித்து, மூலைகளை வளைவாக வெட்டி, நடுவில் ரப்பர் அச்சால் ஒரு குருவி குத்தியிருந்தது. நீல மை. உள்ளே 'வாழ்த்துகள்' என்று ஒரு சொல், அதுவும் ரப்பர் எழுத்தில். கையெழுத்து எங்கேயும் இல்லை. கவரின் மேல் விலாசம்கூட எழுத்து எழுத்தாகக் கோத்துக் குத்தியதுதான்.

வித்தியாசம் மையில் இருந்தது. முதல் வருஷக் குருவியை வெளிச்சத்தில் பிடித்துத் தேட வேண்டியிருந்தது. இரண்டாவதில் சிறகு தெரிந்தது. மூன்றாவதில் வால் தெரிந்தது. நான்காவதில் கண் திறந்திருந்தது.

"பாத்தீங்களா அண்ணி? வருஷத்துக்கு வருஷம் நீலம் கூடுது." எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "கோபம் குறையுதும்மா. அஞ்சாவது வருஷத்துக்குள்ள பொண்ணே கதவைத் தட்டுவாங்க பாருங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியா சொல்றீங்க," என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை. நான்கு அட்டைகளின் வலது கீழ்மூலையையும் நகத்தால் தடவிக்கொண்டிருந்தார். "இதைக் கொண்டு போகலாமா?"

அந்த அம்மா அட்டைகளைச் சேர்த்து, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி விளிம்பைச் சமன்செய்து, தயங்கித்தான் கொடுத்தார். "நாலு இருக்கு. நாலும் திரும்பி வரணும்."

*

"மூலையில என்ன அண்ணி?"

"வால்."

வளைவாக வெட்டிய மூலையில், வெட்டின நகம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அது மாதிரி ஒரு துணுக்கு. நான்கிலும் அதே இடத்தில். மூலை வெட்டும் பன்ச்சில் கத்தி ஒரு பக்கம் உடைந்திருக்கிறது என்றார் அண்ணி. வீட்டில் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் உடைந்த பன்ச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார்களாம். பல பேர் பங்கு போடும் சாமானைத்தான் யாரும் மாற்ற மாட்டார்கள்.

"எங்க ஆபீஸ் ஸ்டேப்ளர் ஞாபகம் வருது," என்றேன்.

"அதை உடைச்சவரே நீங்கதானே."

மூன்றாவது கைவினைச் சாமான் கடையில் விடை கிடைத்தது. ரிப்பன் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் மூலையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"இந்தப் பன்ச்சைத் தூக்கிக்கிட்டு அந்த டீச்சரம்மா நாலு தடவ வந்துட்டாங்க. மாத்திக் குடு, மாத்திக் குடுன்னு. பில்லே இல்லாம எப்படிங்க மாத்தறது? உங்களையும் அவங்கதான் அனுப்பினாங்களா?"

"ஆமா," என்றார் அண்ணி, கண் சிமிட்டாமல். "ஆனா அவங்க வீடு எதுன்னு மறந்துட்டோம்."

"வீடு இல்லீங்க, வகுப்பு. மருந்துக் கடைக்கு மேல. வாழ்த்து அட்டை செய்யக் கத்துக் குடுக்கறாங்க. போய்ச் சொல்லுங்க, மாத்த முடியாதுன்னு."

பொய் பிடிக்கும் வேலையில் இருபது வருஷம் இருந்தால் இப்படித்தான், கொஞ்சம் கையிலும் ஒட்டிக்கொள்ளும்.

*

மாடியில் ஒரே நீள மேஜை. மேஜை முழுக்க ஸ்டாம்ப் பேடுகள், மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் அச்சுகள், கத்தரித்த தாள் துணுக்குகள். வகுப்புக்கார அக்காவின் பத்து விரலும் பத்து நிறம். அட்டைகளைக் கண்டதும் அந்த விரல்கள் அப்படியே நின்றன.

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார்.

"நாங்க இன்னும் எதுவுமே கேக்கலையே," என்றேன்.

அண்ணி வாதாடவில்லை. மேஜையில் தேடி அந்தக் குருவி அச்சை எடுத்தார். நீல ஸ்டாம்ப் பேடில் நன்றாக ஒரு முறை அழுத்தினார். ஒரு பழைய தாளில் வரிசையாகக் குத்திக்கொண்டே போனார், நடுவில் மை தொடாமல். முதல் குருவி பளிச்சென்று விழுந்தது. அடுத்தது ஒரு பிடி குறைவு. நான்காவதில் கண் இருந்தது, ஐந்தாவதில் போய்விட்டது. ஏழாவது வெறும் நிழல். பிறகு எங்கள் நான்கு அட்டைகளையும் அதன் கீழே பொருத்தினார். முதல் வருஷ அட்டை ஏழாவது குருவிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. இந்த வருஷத்து அட்டை நான்காவதற்குக் கீழே.

"ஒரே நாள்ல, ஒரே மையில ஏழும் குத்தியிருக்கு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா கடைசில குத்தினது மேல இருக்கும். நீங்க மேலேர்ந்து வருஷத்துக்கு ஒண்ணா எடுத்துப் போடறீங்க. அதனாலதான் நீலம் கூடுது. சரியா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கோபம் குறைகிறது என்று அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து ஏழு வருஷத்துக்கும் சேர்த்துச் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இப்படி யார் செய்வார்கள்? தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தவர்கள்தானே செய்வார்கள்?

"எப்பக்கா போனாங்க?" என்று கேட்டேன். "உடம்புக்கு என்ன?"

"யாரு?"

"அந்தப் பொண்ணு."

"எங்க போனா? ரெண்டு தெரு தள்ளி கண்ணாடிக் கடையில வேலை பாக்கறா. காலைலகூட இந்த வழியாத்தான் போனா. நல்லாத்தான் இருக்கா."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் நல்லா இருக்கிறவள் இப்படியா செய்வாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

*

கண்ணாடிக் கடையில் அண்ணி தன் தூரத்துக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "மூக்குல அழுத்துது."

முப்பத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நெற்றி அப்படியே அம்மாவுடையது. சின்னத் திருப்புளியால் மூக்குத் தாங்கியைத் திருகத் தொடங்கினாள்.

"உங்கம்மா அனுப்பினாங்க," என்றார் அண்ணி.

திருப்புளி நிற்கவில்லை.

"வீட்டை இடிக்கறாங்க. சனிக்கிழமை காலி பண்றாங்க. இது புது விலாசம்."

சீட்டு மேஜை மேல் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. "கார்டு போகுதுல்ல?"

"இதுவரைக்கும் போச்சு. இனிமே போகாது."

"அவங்க எங்க வேலை பாத்தாங்கன்னு சொன்னாங்களா?"

"தபால் ஆபீஸ்ல."

"எனக்கு ஒருத்தர் பதினோரு கடுதாசி எழுதினார். பதினொண்ணையும் அவங்க தன்னோட டிராயர்ல நிறுத்தி வெச்சுட்டாங்க. நான் பதிலே போடலன்னு நெனச்சு, அவர் பன்னெண்டாவது எழுதல." கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ரிட்டயர் ஆன அன்னிக்கு டிராயரைக் காலி பண்ணிப் பையில கொண்டு வந்தாங்க. அந்தப் பையை நான்தான் பிரிச்சேன். ஒரு கடுதாசியைக்கூட அவங்க பிரிச்சுப் படிக்கல. அப்படியே புதுசா இருந்துது. நேரா டெலிவரி பண்ணியிருக்கலாம்."

வழி நெடுக இவள் மேல்தான் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். இப்போது அதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த அம்மா மேல் வைக்கலாமென்றால், மாத்திரை டப்பாவும் நான்கு அட்டைகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

"அப்புறம் கார்டு எதுக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா தேட மாட்டாங்கன்னு நெனச்சேன்." எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தாள். "தப்பாத்தான் நெனச்சுட்டேன்."

"ஏன் ஏழு?" இது நான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அந்தப் பாக்கெட்ல ஏழு தாள்தான் இருந்துது."

கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்து நீட்டினாள். "இப்ப சரியா உக்காருதா பாருங்க."

"உக்காருது. விலாசத்தை என்ன பண்ண?"

"கவரெல்லாம் அந்த அக்காகிட்டதான் இருக்கு. மாத்தணும்னா நீங்களே மாத்திக்குங்க. நான் வேண்டாம்னு சொல்லல."

அடுத்த ஆளைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டாள். நாங்கள் வெளியே வந்தோம். சீட்டு மேஜை மேலேயே இருந்தது. கதவு மூடும்போது திரும்பிப் பார்த்தேன். அதன் மேல் யாருடைய கண்ணாடிக் கூட்டையோ வைத்திருந்தாள்.

*

வகுப்பு மாடிக்குத் திரும்பிப் போய் நான் புதுக் கவர்களில் விலாசம் குத்தினேன். ரப்பர் எழுத்துகளைக் கோத்துக் குத்துவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் கவரில் வீட்டு எண் தலைகீழாக விழுந்தது. இரண்டாவதில் தெருவையே காணோம்.

"அண்ணனுக்கு வந்த மூளையில ஒரு கரண்டி உங்களுக்கும் வந்திருக்கலாம்," என்றார் அண்ணி. வழக்கமான பேச்சுதான். ஆனால் இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அக்கா பெட்டியிலிருந்து மூன்று பழைய கவர்களை எடுத்தார். கவர் மாற்ற வேண்டுமானால் பிரிக்கத்தான் வேண்டும். ஐந்தாவது வருஷத்து அட்டையில் குருவியின் அலகு தெரிந்தது. ஆறாவதில் கால்கள். ஏழாவதைப் பிரித்தபோது மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, நேற்றுக் குத்தியது போல, அத்தனை நீலம். உள்ளே 'வாழ்த்துகள்' இருந்த இடத்துக்கு மேலே பேனாவால் ஒரு சொல்.

'அம்மா,'

அவ்வளவுதான். காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இந்தத் தாளைத்தான் முதல்ல மடிச்சா," என்றார் அக்கா. "பேனாவை எடுத்து அந்த ஒரு வார்த்தை எழுதினா. ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தா. அப்புறம் பேனாவை மூடிட்டு ரப்பர் எழுத்து இருக்கான்னு கேட்டா. ஒவ்வொண்ணுக்கும் மை தொட்டுக்கம்மான்னு சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கல. ஒரு தடவ தொட்டுட்டு டப்டப்புன்னு ஏழையும் குத்தி முடிச்சுட்டா. எங்க கத்துக்கிட்டாளோ."

அண்ணி அந்த அட்டையைப் புதுக் கவரில் வைத்துத் தானே ஒட்டினார். மூன்றையும் அடுக்கி, வரிசை மாறக்கூடாது என்று அக்காவிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

*

வெள்ளிக்கிழமை மதியம் அந்த அம்மா கடைசிப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

"சேந்துதா?"

"சேந்துது," என்றார் அண்ணி. காப்பீட்டுக் கம்பெனியில் அவரிடம் சிக்கிய அத்தனை பொய்யர்களும் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள்.

"அவ கையிலயா?"

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வர்ற கவர் எல்லாம் புது விலாசத்துக்குத்தான் வரும். அதுக்கு நான் பொறுப்பு."

"அவ வாங்கிக்கல," என்றார் அந்த அம்மா. கேள்வியாக இல்லை.

நான் நான்கு அட்டைகளையும் திருப்பிக் கொடுத்தேன். எண்ணினார். மேஜையில் வரிசையாக வைத்தார், இந்த வருஷத்தது முதலிலும் முதல் வருஷத்தது கடைசியிலுமாக. அண்ணி மாடியில் வைத்த அதே வரிசை.

"கவுன்டர்ல கூட்டம் நிக்கும்போது நாங்க இப்படித்தான் முத்திரை குத்துவோம். ஒரு தடவ மை தொட்டா ஏழெட்டுக் கவர் ஓடும். சின்னப் பொண்ணா என் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. ரெண்டாவது கார்டு வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்போ நான் கோபம் குறையுதுன்னு சொன்னப்போ..."

"கேக்க நல்லாத்தான் இருந்துது தம்பி."

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"முதல்ல குத்தினது அடியில இருக்கும். கடைசியாத்தான் வரும். மை தொட்ட கையோட குத்தினது, நல்லா விழுந்திருக்கும். அதை ஒரு தடவ பாத்துடணும். அதுக்குத்தான் விலாசம்."

"இப்பவே போய் வாங்கிட்டு வந்துடறேன்மா," என்றேன். வண்டிச் சாவி கையில் இருந்தது. "அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த அக்கா குடுத்துடுவாங்க."

"வேண்டாம்." குரல் உயரவில்லை. "அவளோட தபால்ல நடுவுல கை வெச்சவ நான். பதினோரு தடவ வெச்சேன். இனிமே வெக்க மாட்டேன். வர வேண்டிய நாள்ல வரட்டும்."

அண்ணியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கேஸ் முடிந்தது. கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் கண்டுபிடித்தாயிற்று. செய்வதற்குத்தான் எங்களிடம் எதுவும் இல்லை.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மூணு," என்றார் அண்ணி, ஜன்னலைப் பார்த்தபடியே.

அந்த அம்மா மாத்திரை டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டார். "அந்தக் கடைசிக் கார்டுல ஏதாவது..." என்று தொடங்கி நிறுத்தினார். "வேண்டாம். சொல்லிடாதீங்க."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்ல ஒரு சொல் இருந்தும் நான் பேசவில்லை.

"மூணு வருஷம்தானே," என்றார். பெட்டியின் மேல் கயிற்றைக் குறுக்கே இழுத்தார். "தம்பி, இந்த முடிச்சு மேல ஒரு விரலை வெச்சுக்குங்க."

வைத்தேன். அவர் இறுக்கிக் கட்டினார்.